பள்ளிக்கு முன்னே ஒரு பள்ளி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "இருபது நிமிஷம் பேசணும்ப்பா, தலைப்பு உன் இஷ்டம்" என்றார். "சின்னக் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்குத் தயார் செய்வது" என்றேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாக, "நீ சிவில் தானே தம்பி?" என்று கேட்டார். சிவில்தான். பதின்மூன்று வருஷமாக சைட்டில் கிடக்கிறவன்தான். இந்தத் தலைப்பில் பேச எனக்கு என்ன தகுதி என்றால், ஒன்று, வீட்டில் நாலு வயதில் ஒரு பெண் இருக்கிறாள். இன்னொன்று, சைட்டில் அவள் வயதுப் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பேசத்தான் இந்த இருபது நிமிஷத்தைக் கேட்டு வாங்கினேன்.

எங்கள் செட்டுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. முன்பெல்லாம் அதில் சம்பளம், வெளிநாடு, யாருக்குக் கல்யாணம் என்று பேச்சு ஓடும். இப்போது வருஷக் கடைசி வந்துவிட்டால் ஒரே பேச்சுதான்: எல்.கே.ஜி. அட்மிஷன். எந்தப் பள்ளியில் எப்போது விண்ணப்பம், எத்தனை ரைம்ஸ் தெரிந்திருக்க வேண்டும், இருபது வரை போதுமா, நூறு வரை எண்ணச் சொல்வார்களா? நாம் கவுன்சலிங் ஹாலில் உட்கார்ந்திருந்தபோது நம் அப்பா அம்மாகூட இப்படிப் பயந்ததில்லை.

நண்பர் ஒருவர் தன் மூன்றரை வயது மகளை ஒரு பள்ளிக்கு அழைத்துப் போனார். அங்கே அதற்கு நேர்முகத் தேர்வு என்று பெயரில்லை. 'இன்ட்டராக்‌ஷன்' என்பார்கள். டீச்சர் ஒரு குடைப் படத்தைக் காட்டி, "வாட் இஸ் திஸ்?" என்று கேட்டிருக்கிறார். குழந்தை படத்தைப் பார்த்தது, ஜன்னலுக்கு வெளியே பார்த்தது, பிறகு, "மழை வரப்போகுதா ஆன்ட்டி?" என்றது. 'அம்ப்ரெல்லா' என்று சொல்லவில்லையே என்று நண்பரும் அவர் மனைவியும் இரண்டு நாள் சாப்பிடவில்லை. எனக்கு அதைக் கேட்டபோது சந்தோஷமாக இருந்தது. படத்தில் இருப்பது குடை என்று தெரிந்திருக்கிறது. குடைக்கும் மழைக்கும் உள்ள சம்பந்தம் தெரிந்திருக்கிறது. மழை வருமா என்று சரிபார்க்க ஜன்னலைப் பார்க்கத் தெரிந்திருக்கிறது. முன்பின் தெரியாத ஒரு பெரியவரிடம் பயப்படாமல் கேள்வி கேட்கத் தெரிந்திருக்கிறது. பள்ளிக்குத் தயார் என்றால் இதைவிட வேறென்ன வேண்டும்? நம் வைவாவில் நாமே இத்தனை செய்ததில்லை.

இது இன்று நேற்றுக் கதை இல்லை. எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்தபோது, 1989இல், எதைப் பற்றிப் பேசினார் தெரியுமா? குழந்தைகள் முதுகில் தொங்கும் புத்தகப் பையைப் பற்றி. அந்தப் பேச்சு எழுப்பிய விவாதத்தின் தொடர்ச்சியாக இயற்பியல் அறிஞர் யஷ்பால் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். 1993இல் அறிக்கை வந்தது. நர்சரி வகுப்பில் சேர்க்கத் தேர்வும் நேர்காணலும் வைக்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும், மழலையர் பள்ளிகளில் எழுத்தையும் கணக்கையும் முறைப்படி திணிப்பது குழந்தை மேல் செய்யும் வன்முறை என்ற அளவுக்கு அந்த அறிக்கை போயிற்று. விஞ்ஞானி ஒருவர் தலைமையில் வந்த அறிக்கை, அதில் 'வன்முறை' என்ற சொல். கவனியுங்கள்.

பிறகு 2009இல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று அதன் 13ஆம் பிரிவு சொல்கிறது. நல்லதுதான். ஆனால் அந்தச் சட்டத்துக்குக் 'குழந்தை' என்றால் ஆறு முதல் பதினான்கு வயது. மூன்று வயதுக்காரன் சட்டத்தின் வாசலுக்கு வெளியே நிற்கிறான். அவனுக்காக 11ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது: மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளின் முன்பருவக் கல்விக்கு அரசு தேவையான ஏற்பாடுகளைச் 'செய்யலாம்'. நாமெல்லாம் ஐ.எஸ். கோடு படித்தவர்கள். 'ஷல்' என்றால் என்ன, 'மே' என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். அந்தப் பிரிவில் இருப்பது 'மே'.

சரி, எழுத்தைச் சீக்கிரம் தொடங்கினால் என்ன தப்பு என்று கேட்பீர்கள். கையில் இருந்து ஆரம்பிக்கிறேன். நம் மணிக்கட்டில் எட்டுக் குட்டி எலும்புகள் உண்டு. பிறந்த குழந்தையின் கையை எக்ஸ்ரே எடுத்தால் அந்த இடத்தில் ஒன்றுமே தெரியாது, எல்லாம் குருத்தெலும்பு. வருஷத்துக்கு ஒன்று என்கிற மாதிரிதான் மெதுவாக எலும்பாகி வருகிறது. மூன்று வயதில் மூன்று, நாலுதான் தெரியும். கடைசி எலும்பு தெரிய ஒன்பது, பத்து வயதுகூட ஆகும். ஆஸ்பத்திரியில் குழந்தையின் எலும்பு வயதைக் கணிக்க இந்தக் கணக்கைத்தான் பார்க்கிறார்கள். எலும்பு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். தோள், முழங்கை, விரல் தசை, கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்வது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வருகிறது. பெரிய அசைவு முதலில், சின்ன அசைவு பிறகு. அந்தக் கையில் பென்சிலைக் கொடுத்து நாலு கோட்டு நோட்டில் பக்கம் பக்கமாக எழுத வைக்கிறோம்.

நம் வேலையில் ஒரு விஷயம் எல்லோருக்கும் தெரியும். ஸ்லாப் போட்டு ஏழு நாளில் பார்த்தால் கல் மாதிரிதான் இருக்கும். தட்டினால் 'ணங்' என்று கேட்கும். ஆனால் நாலரை மீட்டருக்கு மேல் அகலம் இருந்தால், சாதாரண சிமென்ட்டுக்கு, பதினாலு நாள் முட்டை எடுக்கக் கூடாது என்று ஐ.எஸ். 456 சொல்கிறது. அவசரப்பட்டு எடுத்தால் அன்றைக்கே இடிந்து விழாது. தொய்வு வரும், விரிசல் வரும், அது பிறகுதான் தெரியும். குழந்தை ஸ்லாப் இல்லை என்பது எனக்கும் தெரியும், சார். கான்கிரீட்டுக்குத் தண்ணீர் ஊற்றினால் போதும். குழந்தை பதில் பேசும், அடம் பிடிக்கும், நம்மையே கேள்வி கேட்கும். உவமையை இதற்கு மேல் இழுக்கவில்லை.

நம் தாத்தாக்கள் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் முதலில் எதில் எழுதினார்கள்? மணலில், விரலால். வாயால் சொல்லிக்கொண்டே. விஜயதசமியன்று தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி விரல் பிடித்து எழுத வைக்கிறோமே, அதே மாதிரி. முழுக் கையும் அசையும், தோள் அசையும், விரல் நுனிக்கு எழுத்தின் வடிவம் தெரியும், தப்பாகப் போனால் தடவிவிட்டால் போயிற்று. சிவப்பு மை கிடையாது. அந்தப் பள்ளிக்கூடங்களில் பிரம்பும் இருந்தது, சாதியும் இருந்தது. அதையெல்லாம் நான் தூக்கிப் பிடிக்க வரவில்லை. மணலை மட்டும் எடுத்துக்கொள்வோம் என்கிறேன்.

அப்படியானால் ஐந்து வயது வரை சும்மா விடலாமா என்றால், சும்மா விடக் கூடாது. பேச வேண்டும். நான் பார்த்த அளவில், இந்த வயதில் குழந்தைக்குக் கொடுக்கக்கூடிய பெரிய தயாரிப்பு பேச்சுதான். "சாப்பிடு, தூங்கு, ஓடாதே" என்பதெல்லாம் உத்தரவு. அதைப் பேச்சில் சேர்க்க முடியாது. கத்தரிக்காய் நறுக்கும்போது, "இது ஏன் கறுத்துப் போகுது?" என்று பேசுவது. பஸ்ஸில் போகும்போது, "அந்த அண்ணன் ஏன் ஓடி வர்றாரு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பது. இந்தக் காத்திருத்தல்தான் நமக்கு வருவதில்லை. அதுவும் உங்களுக்கு எந்த மொழி நன்றாக வருமோ அந்த மொழியில் பேசுங்கள். வீட்டில் அரைகுறை இங்கிலீஷில் "ஈட், ஈட், கம், கம்" என்று பேசுகிறவர்களைப் பார்க்கிறேன். பாட்டி தெலுங்கு பேசினால் தெலுங்கு, அம்மா தமிழ் பேசினால் தமிழ். இங்கிலீஷ் எங்கேயும் ஓடிப்போகாது.

கணக்குக்கும் இதே கதைதான். 2008இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கீதா ராமணி, ராபர்ட் சீக்லர் என்ற இருவர் ஒரு பரிசோதனை செய்தார்கள். நம் லேப் ரெக்கார்டில் எழுதுகிற மாதிரி சுத்தமான பரிசோதனை. ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த மழலையர். ஒரு பாதிப் பிள்ளைகளுக்கு ஒன்று முதல் பத்து வரை வரிசையாகக் கட்டம் போட்ட அட்டை. மறு பாதிக்கு அதே அட்டை, அதே விளையாட்டு, கட்டத்தில் எண்ணுக்குப் பதிலாக நிறம். இரண்டு வாரத்துக்குள் நாலு தடவை, தடவைக்குக் கால் மணி நேரம். அவ்வளவுதான். எண் அட்டையில் விளையாடிய பிள்ளைகள் எண்ணுவதிலும், எது பெரிய எண் என்று சொல்வதிலும் முன்னேறினார்கள். ஒன்பது வாரம் கழித்துப் பார்த்தபோதும் அது நிலைத்திருந்தது. நிறக் கட்டத்தில் விளையாடியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. ஒரு மணி நேர விளையாட்டு! நம் வீட்டுப் பரணில் பரமபதம் கிடக்கிறது, தாயக்கட்டை கிடக்கிறது, பல்லாங்குழி கிடக்கிறது. குழிக்கு ஒன்றாகச் சோழி போட்டுக்கொண்டு போகிற பிள்ளை, ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கின் அஸ்திவாரத்தைக் கையால் படிக்கிறது. நாம் அதைப் பரணில் போட்டுவிட்டு டேப்லெட்டில் ஆப் வாங்கிக் கொடுக்கிறோம்.

நியூசிலாந்தில் செபாஸ்டியன் சகேட் என்பவர், ஐந்து வயதில் வாசிக்கத் தொடங்கிய பிள்ளைகளையும் ஏழு வயதில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பதினொரு வயதுக்குள் பின்னவர்கள் முன்னவர்களைப் பிடித்துவிட்டார்கள். எனவே 'பக்கத்து வீட்டுப் பையன் வாசிக்கிறானே' என்று பதற வேண்டாம்.

இப்போது ஒரு பொறியாளரின் கதை. நகரத்தின் பல நல்ல பள்ளிகளின் பெயர்ப்பலகையில் 'மாண்டிசோரி' என்று இருக்கும். கட்டணமும் அதற்குத் தக்கபடி இருக்கும். அந்த முறை எங்கே பிறந்தது தெரியுமா? 1907 ஜனவரி 6ஆம் தேதி, ரோம் நகரில் சான் லொரென்சோ என்ற தொழிலாளர் குடியிருப்பில். ஒரு கட்டட நிறுவனம் அங்கே பழைய கட்டடங்களைச் செப்பனிட்டு ஏழைக் குடும்பங்களை வாடகைக்கு வைத்தது. அப்பா அம்மா வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளி வயது வராத பிள்ளைகள் நாள் முழுக்க மாடிப்படியில் ஓடி, சுவரில் கிறுக்கி, எதையாவது உடைத்துக்கொண்டிருப்பார்கள். நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் எதுவார்தோ தலாமோ. அவர் ஒரு இன்ஜினீயர். வெள்ளையடித்த சுவர் வீணாகிறதே என்ற கவலை அவருக்கு! கட்டடத்திலேயே ஒரு அறையை ஒதுக்கி, இந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மரியா மாண்டிசோரி என்ற பெண் டாக்டரை அழைத்தார். அந்த அறைதான் 'குழந்தைகள் இல்லம்'. உலகம் முழுதும் பரவிய ஒரு கல்விமுறை, மெயின்டனன்ஸ் செலவைக் குறைக்க நினைத்த ஒரு இன்ஜினீயரின் அறையிலிருந்து தொடங்கியது. மாண்டிசோரி அங்கே கண்டதுதான் நான் மேலே சொன்னதெல்லாம்: குழந்தை கையால் தொட்டுக் கற்கிறது, உப்புத்தாள் ஒட்டிய எழுத்தை விரலால் தடவிப் பார்க்கிறது, பிறகு ஒருநாள் தானாக எழுதுகிறது.

அந்த அம்மையார் 1939 நவம்பரில் நம் சென்னைக்கே வந்தார். அடையாறு பிரம்மஞான சபையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உலகப் போரில் இத்தாலி எதிரணியில் சேர்ந்ததால் ஆங்கிலேய அரசு அவரைக் கட்டுப்பாட்டில் வைத்தது. 1946 வரை இந்தியாவில்தான் இருந்தார். அதில் சில காலம் கொடைக்கானலில். கூலித் தொழிலாளியின் பிள்ளைக்காகத் தொடங்கிய ஒன்று, நம் ஊரில் பணம் கட்ட முடிந்தவர்களின் பெயர்ப்பலகையில் போய் உட்கார்ந்துகொண்டதுதான் வேடிக்கை.

கூலித் தொழிலாளியின் பிள்ளை எங்கே? நம் சைட்டில் இருக்கிறது.

இந்த அவையில் இருக்கிற சிவில்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டு சவுக்குக் கழிகளுக்கு நடுவே சேலையில் தூளி. ஜல்லிக் குவியலில் ஒரு பிள்ளை. சித்தாள் வேலை செய்கிற அம்மா அரை மணிக்கு ஒருதரம் திரும்பிப் பார்ப்பாள். மேஸ்திரி கத்துவார். ஆறு வயது அக்கா இரண்டு வயதுத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பாள். அவள் பள்ளிக்குப் போகாததற்கு அந்தத் தம்பிதான் காரணம். இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம், ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அறை ஒதுக்க வேண்டும் என்றது. நான் பார்த்த ஒப்பந்ததாரர்களின் மஸ்டர் ரோலில் பெண்கள் எப்போதும் நாற்பத்தெட்டு பேர்தான்! 2020இல் நிறைவேறிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 'பெண்கள்' என்ற சொல்லை எடுத்துவிட்டு ஐம்பதுக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் என்று எழுதியது. அங்கேயும் அரசு விதி செய்யலாம் என்ற 'மே' தான். இனி நாற்பத்தெட்டு கணக்குக் காட்டுவது கொஞ்சம் கஷ்டம் என்று வைத்துக்கொள்வோம்.

சில வருஷங்களுக்கு முன் நான் இருந்த ஒரு சைட். பெயர் வேண்டாம். மழைக்கு மறுநாள், லிப்ட் குழியின் விளிம்பில் இரண்டு வயதுப் பிள்ளை ஒன்று உட்கார்ந்து, ஒவ்வொரு கல்லாக உள்ளே போட்டு, தண்ணீரில் 'டொபுக்' என்று விழும் சத்தத்தைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது. பெரிய கல்லுக்கு ஒரு சத்தம், சின்னக் கல்லுக்கு ஒரு சத்தம். கம்பி கட்டுகிற அண்ணன் ஒருவர் பின்னாலிருந்து போய் அலேக்காகத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த வாரமே அறை போட்டோம். பன்னிரண்டுக்குப் பதினெட்டு அடி. மேலே ஷீட், அதற்கடியில் வெயில் தாங்க ஓலை. சுற்றிலும் கழித்துப்போட்ட ஷட்டரிங் பிளைவுட். வாசலில் அரைக் கதவு, கொக்கி வெளிப்பக்கம் உயரத்தில். ஒரு மூலையில் கழுவிச் சலித்த மணல். கார்ப்பென்டர் மரத்துண்டுகளை இழைத்து, முனை மழுக்கிக் கட்டைகள் செய்து தந்தார். அந்த மாசம் கான்கிரீட் பம்ப் வாடகைக்குக் கொடுத்த காசில் ஒரு சின்னப் பங்குகூட ஆகவில்லை.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, எட்டாவது படித்த ஒரிசாக்கார அம்மா ஒருவர் கிடைத்தார்; சித்தாள் கூலியையே சம்பளமாகக் கொடுத்தோம். மொழி என்ன ஆகும் என்று நான் பயந்தேன். ஒடியா, போஜ்பூரி, தமிழ், கொஞ்சம் தெலுங்கு. அந்த அம்மா கதையை ஒடியாவில் சொல்வார், குரங்கு மாதிரி குதிப்பார், பிள்ளைகள் அவரவர் மொழியில் கத்தும். மூன்று மாசத்தில் எல்லாப் பிள்ளைக்கும் எல்லா மொழியிலும் குரங்கு தெரியும். சல்லடையைக் கொடுத்து இருபது மில்லி ஜல்லியையும் பன்னிரண்டு மில்லி ஜல்லியையும் பிரிக்கச் சொன்னால், எங்கள் லேப் உதவியாளரைவிடச் சீக்கிரம் பிரித்த பையன் ஒருவன் இருந்தான். அருகில் இருந்த அங்கன்வாடிப் பணியாளரிடம் போய்ப் பேசினோம். எடை பார்க்க, தடுப்பூசிக்கு, சத்துமாவுக்கு அவர் வழி செய்தார். தமிழ்நாட்டில் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. 1975 அக்டோபர் 2ஆம் தேதி நாட்டில் 33 வட்டாரங்களில் தொடங்கிய திட்டம் இது. இங்கே படித்த பலரும் பால்வாடி வாசலைத் தாண்டிப் போயிருப்பார்கள், உள்ளே போனதில்லை. ஒருதரம் போய்ப் பாருங்கள். ஒரே அம்மா சமையல் கணக்கும் எழுதி, பதிவேடும் எழுதி, இருபது பிள்ளைகளுக்குப் பாட்டும் சொல்லிக்கொண்டிருப்பார். வெளிமாநிலத் தொழிலாளியின் பிள்ளைக்கும் அங்கே இடம் உண்டு.

எனக்கு அந்த அறையில்தான் ஒன்று உறைத்தது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நாங்கள் கவலைப்படுகிற பிள்ளைக்கும் தூளியில் கிடக்கிற பிள்ளைக்கும் குறைகிற பொருள் ஒன்றேதான்: உட்கார்ந்து பேச, கூட விளையாட, பதிலுக்குக் காத்திருக்க ஒரு பெரிய ஆள். ஒருவனுக்கு ஒர்க்‌ஷீட் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இன்னொருவனுக்கு அந்த இடம் காலியாகவே கிடக்கிறது.

பதினெட்டு மாசத்தில் கட்டடம் முடிந்தது. ஷெட்டைப் பிரித்தார்கள், அறையும் போயிற்று. அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேர் பக்கத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தார்கள். ஜல்லி பிரித்த பையன் அதில் ஒருவன். மற்றவர்கள் மூட்டை முடிச்சோடு அடுத்த சைட்டுக்குப் போனார்கள். அந்த அடுத்த சைட், இங்கே உட்கார்ந்திருக்கிற உங்களில் ஒருவருடையதாக இருக்கலாம்.

சங்கத்தின் இந்த வருஷ நன்கொடையில் ஒரு பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கித் தரலாம் என்று பேச்சு நடக்கிறது. தாராளமாகச் செய்யுங்கள். எனக்கு நன்கொடை வேண்டாம். சைட் நடத்துகிறவர்கள், பில்டர்கள், அரசுத் துறையில் எஸ்டிமேட் போடுகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். எஸ்டிமேட்டில் சிமென்ட் கோடவுனுக்கு ஒரு வரி இருக்கிறது, வாட்ச்மேன் ஷெட்டுக்கு ஒரு வரி இருக்கிறது. அதற்குக் கீழே பிள்ளைகளுக்கு ஒரு வரி சேருங்கள். அறையின் வரைபடம், பொருள் பட்டியல், அளவு எல்லாம் ஒரே தாளில் போட்டுப் பதிவு மேஜையில் வைத்திருக்கிறேன். எண்பது பிரதி இருக்கிறது. தம்பி தங்கைகளே, நம் காலேஜ் பின்பக்கம் புது ஹாஸ்டல் பிளாக் கட்டுகிறார்களே, அங்கே நேற்று சாயந்திரம் எண்ணிப் பார்த்தேன்: ஏழு பிள்ளைகள். என்.எஸ்.எஸ். பொறுப்பாசிரியரிடம் பேசிவிட்டேன், முதல்வர் ஐயாவும் சரி என்று சொல்லியிருக்கிறார். வாரத்தில் மூன்று நாள், சாயந்திரம் ஒரு மணி நேரம். போகிறவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு நூலக வராந்தாவில் பெயர் கொடுங்கள். ஹிந்தி தெரிந்தவர்கள் அவசியம் வாருங்கள். பல்லாங்குழி இருந்தால் வீட்டிலிருந்து எடுத்து வாருங்கள். சோழி நான் கொண்டுவந்திருக்கிறேன்.

செயலாளர் அண்ணன் கடிகாரத்தைக் காட்டுகிறார்.